நத்தை ஓட்டைப் படிக்க எஸ்டேட் மழைப் பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் பெருமழை கொட்டும்போதெல்லாம் "இதற்கு முன்னால் இப்படி எப்போது பெய்தது?" என்று கேட்கிறார்கள். மழைமானி இல்லாத காலத்துக்கும் இடத்துக்கும் விடை தேடும்போது, நத்தை ஓட்டிலேயே பழைய மழைக்கணக்கு எழுதியிருக்கிறது என்ற பேச்சும் கூடவே வருகிறது. ஓட்டில் மழையின் தடம் இருப்பது உண்மை. கணக்கு இருக்கிறது என்பது உண்மையில்லை. இத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று எந்த ஓடும் தானாகச் சொல்லாது. ஓட்டை எடுத்த இடம், அதன் உயரம், எடுத்த நாள், அந்த இடத்தின் மழைப் பதிவேடு ஆகிய நான்கும் கூட இருந்தால்தான் அதைப் படிக்க முடியும். நம் மலையில் ஓடும் கரைகிறது, பதிவேடும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

தடம் எப்படி விழுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் எல்லாம் ஒரே நிறை உள்ளவை அல்ல. கடல்நீரில் 16 நிறையுள்ள 10 லட்சம் அணுக்களுக்கு, 18 நிறையுள்ளவை ஏறத்தாழ 2005 இருக்கும். ஆய்வகத்தில் "ஓர் அலகு" என்பது இந்த விகிதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம். அதாவது 10 லட்சத்துக்கு 2 அணு. மேகம் மழையாக இறங்கும்போது கன அணு கொண்ட நீர் முந்திக்கொண்டு இறங்குகிறது. விடாமல் கொட்டக் கொட்ட, மிஞ்சியிருக்கும் ஆவி இலகுவாகிறது. தூறலில் சிறு துளி விழும் வழியிலேயே கொஞ்சம் ஆவியாகி இன்னும் கனமாகிறது. இதனால் வெப்பமண்டலத்தில் பெருமழை மாதத்தின் நீர் இலகுவாகவும், மழை குறைந்த மாதத்தின் நீர் கனமாகவும் இருக்கும். டேன்ஸ்கார்ட் என்ற டென்மார்க் அறிவியலாளர் 1964-ல் இதைத் தொகுத்து எழுதினார். நத்தை அந்த நீரை உடம்பில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்தே அரகோனைட் என்ற சுண்ணக வடிவத்தில் ஓட்டைக் கட்டுகிறது. வாய் ஓரத்தில் புதிது புதிதாகச் சேர்வதால், உச்சியில் குஞ்சுப் பருவமும் வாயில் கடைசி வாரமும் இருக்கும். தோட்டங்களில் பயிரைத் தின்னும் ஆப்பிரிக்கப் பெருநத்தையின் வளர்ச்சிப் பட்டைகளில் இந்தியப் பருவமழையின் ஏற்ற இறக்கம் பதிந்திருப்பதை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு 2013-ல் வெளியிட்டது.

இதுவரை சிக்கல் இல்லை. நீலகிரிக்கு வந்தால் சிக்கல் தொடங்குகிறது.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் அதே 82 செ.மீ. பதிவானது. மழைமானிக்கு இரண்டும் ஒன்று. நத்தைக்கு ஒன்றல்ல. ஆகஸ்ட் மழை அரபிக்கடலிலிருந்து மேற்குச் சரிவில் ஏறி வந்தது. நவம்பர் மழை வங்கக்கடலிலிருந்து வந்தது. வங்கக்கடலின் மேல்நீரில் கங்கை முதலான பேராறுகளின் நன்னீர் கலந்திருக்கிறது. தாழ்வழுத்த மண்டலங்களாகத் திரண்டு, வரும் வழியெல்லாம் பெய்துகொண்டே வருவதால் அந்த ஆவி மேலும் இலகுவாகிறது. ஆகவே தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தென்மேற்கைவிட இலகுவான நீர். கோத்தகிரி ஓட்டில் இலகுவான பட்டை ஒன்று தெரிந்தால், "அந்த ஆண்டு மழை அதிகம்" என்றும் சொல்லலாம், "அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையின் பங்கு அதிகம்" என்றும் சொல்லலாம். இரண்டும் வேறு வேறு செய்தி. தீவு நிலையங்களில் மாத மழை 100 மி.மீ. கூடினால் ஏறத்தாழ ஒன்றரை அலகு இறங்கும் என்ற கணக்கு உண்டு. அதை எடுத்து இந்த மலையில் அப்படியே வைத்தால் விடை தவறாகத்தான் வரும். மேற்கே குந்தா, பந்தலூர், தேவாலா தென்மேற்கை நம்பியவை. கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்கையும் நம்பியவை. ஒரே மாவட்டத்துக்கு ஒரே வாய்பாடு கிடையாது.

ஒரு நாள் பெருமழையை ஓட்டில் தேடுவதும் வீண். நத்தை தன் உடம்புக்கு வேண்டிய துளியைத்தான் எடுக்கும். 82 செ.மீ. பெய்தாலும் 8 செ.மீ. பெய்தாலும் அதன் உடம்பில் ஏறும் அளவு மாறாது, ஏறும் நீரின் தன்மைதான் மாறும். அதுவும் சில நாள் உடம்பில் பழைய நீருடன் கலந்த பிறகே ஓட்டில் படியும். ஓடு காட்டுவது வாரங்களின் சராசரி.

அடுத்தது உயரம். மலை ஏற ஏற மழைநீர் இலகுவாகும். உலக அளவில் 100 மீட்டருக்குக் கால் அலகுக்குச் சற்று மேல் என்பது பொதுச் சராசரி. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர், குன்னூர் 1,850, உதகை 2,240. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும் 4 அலகு வித்தியாசம் வரலாம். ஒரு நல்ல மழையாண்டுக்கும் வறட்சி ஆண்டுக்கும் உள்ள வித்தியாசமே அதற்குள் மறைந்துபோகும். "நீலகிரி" என்று மட்டும் சீட்டு ஒட்டிய ஓடு ஆய்வுக்குப் பயன்படாது என்பது இதனால்தான். ஊர், எஸ்டேட் டிவிஷன், முடிந்தால் கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எழுத வேண்டும். உயரத்தை 400 மீட்டர் தவறாக எழுதினால் விடையில் ஓர் அலகு தவறும்.

வெப்பநிலையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு டிகிரி செல்சியசுக்கு அரகோனைட்டில் கால் அலகுக்குச் சற்றுக் குறைவாகத்தான் மாறும். நத்தை வளரும் ஈர மாதங்களுக்குள் நம் மலையில் சராசரி வெப்பம் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. அது பெரிய தொல்லையில்லை.

பெரிய தொல்லை ஈரப்பதம். நத்தையின் தோலிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இலகு அணு முதலில் பறக்கும், உடம்பில் மிஞ்சுவது கனமாகும். காற்றின் ஈரப்பதம் சில சதவீதம் குறைந்தாலே ஓட்டின் அளவு ஓர் அலகுக்கு மேல் ஏறிவிடும். சோலை ஓரத்து நத்தையும் வெட்டவெளிக் காரட் வயல் நத்தையும் ஒரே மழையைக் குடித்தாலும் ஒரே எண்ணைக் காட்டாது. மூடுபனியும் பனித்துளியும் மழையைவிடக் கனமான நீர். அதையும் நத்தை எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஸ்பிரிங்க்ளர். நத்தை கோடையில் வாயை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு தூங்கும், வளர்ச்சி நின்றுபோகும். காய்கறித் தோட்டத்தில் மாசி, பங்குனியில் ஸ்பிரிங்க்ளர் சுற்றினால் அது விழித்து, தேங்கிக் கிடந்து ஆவியான குட்டை நீரைக் குடித்து ஓடு வளர்க்கும். ஆய்வகத்தில் அது மழை குறைந்த மழைக்காலம் போலவே தெரியும். பாசனம் உள்ள தோட்டத்தின் ஓட்டை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. எடுத்திருந்தால் சீட்டில் "பாசனம் உண்டு" என்று எழுதிவிட வேண்டும்.

தூக்கத்தால் இன்னொரு குறையும் உண்டு. ஓட்டில் இருப்பது நத்தை விழித்திருந்த நாட்களின் மழை மட்டும். வறட்சி எத்தனை மாதம் நீடித்தது என்பதை ஓடு காட்டாது. அந்த இடத்தில் ஒரு தடித்த கருங்கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோட்டையும் காயத் தழும்பையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. தூக்கக் கோடு வாய் ஓரத்துக்கு இணையாக, புரியின் (ஓட்டுச் சுற்றின்) இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை சீராக ஓடும். பறவை கொத்தியோ கல் பட்டோ உடைந்து ஆறிய இடம் கோணல்மாணலாக, பாதியில் நின்றுவிடும்.

இனி ஓட்டைத் தயார் செய்யும் முறை. கல்லூரி மாணவர்கள் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். குழாய்த் தண்ணீரிலும் நைலான் பல்துலக்கியாலும் மண்ணைத் தேய்த்து, பிறகு அயனி நீக்கிய நீரில் மீயொலித் தொட்டியில் சில நிமிடம் வைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். மேலே உள்ள பழுப்புத் தோலைச் சுரண்டி எடுத்த பிறகே துளையிடலாம். பல் மருத்துவர்கள் வைத்திருப்பதுபோன்ற டிரில்லில் 0.3 முதல் 0.5 மி.மீ. வரையான நுனி போதும். வேகம் குறைவாக, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். அழுத்தினால் சூடேறி அரகோனைட்டின் ஒரு பகுதி கால்சைட்டாக (சுண்ணகத்தின் இன்னொரு வடிவமாக) மாறக்கூடும்.

துளை போடும் திசை முக்கியம். வளர்ச்சிக் கோடுகள் வாய் ஓரத்துக்கு இணையாகச் செல்லும். கீறலும் அதே கோட்டின் வழியே, 3 முதல் 5 மி.மீ. நீளத்துக்குப் போக வேண்டும். கோட்டுக்குக் குறுக்கே கீறினால் பல வாரங்கள் ஒரே மாவில் கலந்துவிடும். உச்சியிலிருந்து வாய் வரை புரியின் முதுகோடு பென்சிலால் ஒரு வழி வரைந்து, அதில் 1 மி.மீ.க்கு ஒரு கீறல் என்று எண் போட்டுக்கொண்டே வரலாம். ஆழம் இன்னும் முக்கியம். நத்தை பெரிதாகும்போது பழைய புரியின் உட்பக்கத்திலும் சுண்ணகம் பூசிக்கொண்டே போகும். ஆழமாகத் துளைத்தால் சித்திரை ஓட்டுடன் ஐப்பசிப் பூச்சும் சேர்ந்து வரும். மேல் அடுக்கில் 0.1 முதல் 0.2 மி.மீ. ஆழத்தோடு நிறுத்த வேண்டும். தடித்துப்போன வாய் ஓரத்தை நம்பவே வேண்டாம். முதிர்ந்த நத்தை அங்கே நீளாமல் தடிக்க மட்டுமே செய்கிறது, ஒரே மில்லிமீட்டரில் பல மாதங்கள் அடுக்கடுக்காக இருக்கும்.

ஒரு கீறலுக்கு 100 மைக்ரோகிராம் மாவு, அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும். அடுத்த கீறலுக்கு முன் நுனியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, காற்றில் உலர்த்த வேண்டும். இல்லையென்றால் முந்தைய வாரம் அடுத்த வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். மாவை 70 டிகிரி அளவில் அடர் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வரும் கரியமில வாயுவை நிறைநிரல்மானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவியில்) அளப்பார்கள். பிழை ஓர் அலகில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். எட்டு, பத்து மாதிரிக்கு ஒருமுறை அளவு முன்பே தெரிந்த தரச் சுண்ணக்கல்லை அளந்து பார்ப்பது வழக்கம். ஓட்டில் கால்சைட் கலந்திருக்கிறதா என்று எக்ஸ்-கதிர் சோதனையும் முன்கூட்டியே வேண்டும். கால்சைட் தெரிந்தால் அந்த ஓடு பிற்காலத்தில் கரைந்து மறுபடி படிந்தது, அல்லது தீயில் பட்டது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது தமிழருக்குத் தெரிந்த வேலைதான். அவ்வளவு சூடு வேண்டியதில்லை, 400 டிகிரி அளவிலேயே அரகோனைட் மாறிவிடும். பழைய அடுப்புச் சாம்பலில் கிடைக்கும் ஓடுகளை ஒதுக்குவது இதனால்தான்.

ஒரு ஓடு சாட்சியாகாது. ஒரே தோட்டம், ஒரே பருவம், ஐந்து ஓடாவது வேண்டும். ஐந்திலும் ஒரே வளைவு வந்தால் அது மழை. ஒன்றில் மட்டும் வந்தால் அது அந்த நத்தையின் கதை.

நீலகிரியில் பழைய ஓடு கிடைப்பதும் அரிது. நம் பாறை சார்னோகைட், சுண்ணாம்புப் பாறை அல்ல. மண் புளிப்பு. தேயிலை அந்தப் புளிப்பில்தான் வளர்கிறது. செத்த நத்தையின் ஓடு சில மழைக்காலத்துக்குள் வெளுத்து, பொடிந்து, கரைந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இந்திரெல்லா நத்தையின் ஓடு மெல்லியது, கீறலுக்குத் தாங்காது. ஓடு தப்பிப் பிழைப்பது பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஓரத்திலும், புளிப்பைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல்பொடி போட்ட தேயிலைக் காட்டிலும்தான். அங்கே நத்தை அந்தச் சுண்ணாம்பையே தின்று ஓட்டில் சேர்க்கிறது. ஆக்சிஜன் கணக்கை இது அதிகம் பாதிக்காது, ஏனென்றால் ஓட்டின் ஆக்சிஜன் உடம்பு நீரோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஓட்டின் கார்பனைக் கொண்டு கணிக்கும் ரேடியோகார்பன் வயதைக் கெடுத்துவிடும். டோலமைட்டில் உள்ள கார்பன் கோடிக்கணக்கான ஆண்டு பழையது, அது கலந்த ஓடு உண்மை வயதைவிட மூத்ததாகத் தெரியும். ஆகவே "1962 ஜூலை, இன்ன பங்களாத் தோட்டம்" என்ற பாணியில் யாரோ பென்சிலில் எழுதிவைத்த ஒரு சீட்டு, விலை உயர்ந்த வயதுச் சோதனையைவிட நம்பகமானது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு நீலகிரியிடம் வேறு சாட்சி உண்டு. சாண்டிநல்லா போன்ற சதுப்புகளின் கரிச்சேற்றில் உள்ள கார்பனைக் கொண்டு, எந்தக் காலத்தில் வறட்சி தாங்கும் புல் ஓங்கியது, எப்போது ஈரம் கூடியது என்பதை சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அது ஏறத்தாழ 20,000 ஆண்டுக் கதை. அந்தச் சேற்றில் ஒரு சென்டிமீட்டர் பல ஆண்டுகளை ஒன்றாக அமுக்கி வைத்திருக்கிறது, ஓட்டில் ஒரு மில்லிமீட்டர் சில நாட்களை. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

வீட்டிலோ பள்ளியிலோ ஓடு வைத்திருப்பவர்களுக்குச் சில சொற்கள். புளி, எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். பளபளப்புக்கு வார்னிஷ் பூச வேண்டாம். உப்புநீரில் போட்டுக் கொன்ற நத்தையின் ஓடும் பயன்படும், நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால் போதும். உயிருள்ள நத்தையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எலி நுரையீரல் புழு அதில் இருக்கலாம், அது மூளையுறையைத் தாக்கும். முதுமலை, முக்குறுத்தி உள்ளிட்ட காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியின்றி எதையும் பொறுக்கக்கூடாது. மர அலமாரியிலும் அட்டைப்பெட்டியிலும் ஓட்டை வைக்காதீர்கள். ஊட்டி ஈரத்தில் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஓட்டைத் தின்று வெள்ளை மாவாகப் பூக்கச் செய்யும். சேகரிப்பாளர்கள் இதை நோய் என்கிறார்கள், ஆனால் கிருமி இல்லை. கண்ணாடிப் புட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோ, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். சீட்டு பென்சிலில் இருக்கட்டும், மை ஈரத்தில் ஓடிவிடும்.

பள்ளிகள் மழைநீரையும் சேர்த்து வைத்தால் பேருதவி. மாதம் முழுவதும் சேரும் மழையில் அரை சென்டிமீட்டர் திரவ பாரஃபின் மிதக்க விட்டால் ஆவியாகாது. மாத முடிவில் எண்ணெய்க்குக் கீழிருந்து குழாயால் உறிஞ்சி, 50 மி.லி. புட்டியில் கழுத்து வரை, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி இறுக மூட வேண்டும். பாதி நிரம்பிய புட்டி பயனற்றது, அதற்குள்ளேயே ஆவியாகிக் கனமாகிவிடும். பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1961 முதல் உலகெங்கும் மழைநீரை மாதவாரியாகச் சேர்த்து வருகின்றன.

கடைசியாக எஸ்டேட் நிர்வாகங்களுக்கு. உங்கள் அலுவலகத்து மழைப் பதிவேடுதான் நத்தை ஓட்டுக்கு அகராதி. அதைக் கரையானுக்கும் காயலான் கடைக்கும் விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்தால்கூடப் போதும். எடுக்கும்போது அளவு எந்த முறையில் என்று குறித்த முதல் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். பழைய பதிவுகள் இஞ்ச், சென்ட் கணக்கு, 100 சென்ட் ஒரு இஞ்ச். 2.35 என்றால் 59.7 மி.மீ. அதைச் சென்டிமீட்டர் என்று படித்தால் மழை பாதிக்கும் கீழே போய்விடும். மழைமானியின் வாய் 5 இஞ்சா 8 இஞ்சா என்றும் எழுதுங்கள். 8 இஞ்ச் புனலில் விழுந்த நீரை 5 இஞ்சுக்கான அளவுக் குவளையில் அளந்தால் மழை இரண்டரை மடங்குக்கு மேல் ஊதிவிடும். ஞாயிறு அளக்காமல் திங்கள் காலை சேர்த்து அளந்திருந்தால் அதனால் பாதகமில்லை, எங்களுக்கு வாரக் கூட்டு போதும். வெற்றுக் கட்டம்தான் ஆபத்து. மழை இல்லாத நாளா, அளக்காத நாளா என்பது அளந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலர் ஓய்வு பெற்று இந்த மலையிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு, மழை இல்லாத கட்டத்தில் 0 என்றும் அளக்காத கட்டத்தில் ஒரு கோடும் பென்சிலால் இட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓடு, மழைநீர் மாதிரிகளை ஆய்வுக்குத் தயாரிக்கும் பணியில் உள்ளோர்,
கோத்தகிரி.